காய்ச்சலுக்குக் கழிவு

விருதுநகர் வத்தல் மண்டித் தெருவில் பிறந்தவர்கள் முதலில் சொன்ன விலைக்கு எதையும் வாங்கியதில்லை. முதலில் கேட்ட விலைக்கு எதையும் விற்றதுமில்லை. கல்யாணப் பத்திரிகை வைக்கப் போனால்கூட "குடும்பத்தோட வரணும்" என்று ஒருவர் ஏற்றுவார், "நான் மட்டும் வாரேன்" என்று மற்றவர் இறக்குவார், கடைசியில் "நீங்களும் மதினியும்" என்று படியும். அப்படிப்பட்ட தெருவிடம் போய், உடம்புச் சூட்டை உள்ளபடி சொல்லுங்கள் என்று அரசாங்கம் கேட்டது. தப்பு யார் மேல் என்பதை நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள்.

கேட்டது ஆள் அல்ல, ஒரு குரல். பெரிய நோய்க்காலம் ஒன்று வந்து போனபிறகு ஆஸ்பத்திரிகளில் கட்டில் குறைவு, காய்ச்சல்காரர்கள் அதிகம் என்றாகிவிட்டது. ஆகவே எல்லார் போனிலும் 'நலவாணி' வந்து உட்கார்ந்தாள். கூப்பிட்டால் பேசுவாள். எந்தத் தெர்மாமீட்டர், எங்கே வைத்தீர்கள், அதற்கு முன் என்ன குடித்தீர்கள் என்று விசாரிப்பாள். எல்லாம் கேட்டபின் அவள் கணக்கில் நூற்று மூன்று விழுந்தால் வண்டி வரும், வண்டியோடு டோக்கன் வரும். டோக்கன் இல்லாவிட்டால் தர்ம ஆஸ்பத்திரியானாலும் சரி, தனியார் ஆஸ்பத்திரியானாலும் சரி, கதவு திறக்காது. நூற்று மூன்றுக்குக் கீழே என்றால் மாத்திரை, கஞ்சி, ஓய்வு, நாளை மறுபடி கூப்பிடவும்.

தெரு அவளுக்கு வைத்த பெயர் தரகம்மா.

முதலில் அவளோடு தானே பேசிக்கொள்ளும் தெர்மாமீட்டரை வீட்டுக்கு ஒன்றாகக் கொடுத்துப் பார்த்தார்கள். முதல் வாரத்திலேயே இந்தத் தெருவில் நூற்றுப் பதினாலு டிகிரிக் காய்ச்சலோடு ஒருவர் சீட்டு விளையாடிக்கொண்டிருப்பதாகப் பதிவாயிற்று. கருவியை டீ கிளாஸில் முக்கினவர் கொஞ்சம் அதிகநேரம் முக்கிவிட்டார். கருவிகளைத் திரும்ப வாங்கிக்கொண்டார்கள். "வாயால் சொன்னால் போதும். உங்களை நாங்கள் புரிந்துகொள்வோம்" என்றாள் நலவாணி. அவள் சொன்ன ஒரே பயமுறுத்தல் அதுதான். தெரு அதை மரியாதை என்று எடுத்துக்கொண்டது.

டீ கிளாஸ் யோசனை வெயிலுமுத்துவுடையது.

வெயிலுமுத்து, மிளகாய் வத்தல் கமிஷன் மண்டிக்காரர். ஐம்பதைத் தாண்டியவர், தோளில் துண்டு, வாயில் எப்போதும் ஒரு சிரிப்பு. அவர் மண்டிக்கு வருகிற ஒவ்வொரு மூட்டைக்கும் ஈரக் கழிவு உண்டு. வத்தலில் ஈரம் இருக்கும், காய்ந்தால் எடை குறையும், ஆகவே எடையில் இவ்வளவு கழிப்பது என்று வழக்கம். ஒருமுறை கரிசல்காட்டு விவசாயி ஒருவர், கையில் எடுத்தால் சலசலவென்று சத்தம் வருகிற வத்தலைக் கொண்டுவந்து, "ஒரு பொட்டு ஈரம் இல்லையே அண்ணாச்சி, இதுக்கு எதுக்குக் கழிவு?" என்று கேட்டார். வெயிலுமுத்து வத்தலைத் தொட்டுக்கூடப் பார்க்கவில்லை. "எல்லாருக்கும் கழிக்கிறதுதானப்பா. உனக்கு மட்டும் விட்டா, ஈரத்தோட வாரவன் கோவிச்சுக்குவான்" என்றார். விவசாயியும் சிரித்துவிட்டார். வேறென்ன செய்வார்?

வீட்டில் அவரிடம் நாலு தெர்மாமீட்டர் இருந்தன. நெற்றிக்கு நேரே காட்டுகிற துப்பாக்கி ஒன்று. வெயிலில் நின்றுவிட்டு வந்தால் ஏற்றிச் சொல்லும், வேர்த்திருந்தால் இறக்கிச் சொல்லும். அக்குளில் வைக்கிறது ஒன்று. அது எப்போதும் ஒரு டிகிரி கருமி. காதுக்குள் விடுகிறது ஒன்று; நேராக வைத்தால் ஒன்று சொல்லும், சாய்த்து வைத்தால் வேறொன்று சொல்லும். நாலாவது பழைய பாதரசக் குச்சி, மனைவி சொர்ணவடிவு தாய்வீட்டிலிருந்து கொண்டுவந்தது. யாருக்கு எவ்வளவு வேண்டுமோ அதற்குத் தகுந்த கருவியை வெயிலுமுத்து எடுத்துக் கொடுப்பார். தெருவில் லேசாகத் தும்மினவர்களும் அவரைப் பார்த்துவிட்டுத்தான் தரகம்மாவைக் கூப்பிட்டார்கள்.

"சூடா ஒரு காப்பியக் குடி, உடனே வாயில வையி. என்ன குடிச்சேன்னு கேப்பா. ஒண்ணும் குடிக்கலைன்னு சொல்லு. கழுத்து வலிக்குது, வெளிச்சம் கூசுதுன்னு சேத்துக்க. அதுக்கு மார்க்கு ஜாஸ்தி."

இப்படி நூறு டிகிரிக் காய்ச்சல் நூற்று மூன்றாகப் போய்க் கட்டிலில் படுத்து எழுந்து வந்தது. சில மாதத்தில் நூற்று மூன்று சொன்னால் வண்டி வரவில்லை. நூற்று நாலு சொன்னார்கள், வந்தது. பிறகு அதற்கும் வரவில்லை. எதிர்வீட்டு உளுந்து மண்டி அமிர்தராஜ்தான் முதலில் கண்டுபிடித்தார்.

"அண்ணாச்சி, இவ நம்மகிட்ட கழிவு பிடிக்கிறா."

"பிடிக்கட்டும்யா. ரெண்டு கழிச்சாள்னா ரெண்டு கூட்டிச் சொல்லு. தரகுன்னா அப்படித்தான்."

தெரு சிரித்தது. ரெண்டு கூட்டிச் சொல்வது வழக்கமாயிற்று. உப்பு விலை மாதிரி அதை யாரும் பேசுவதுகூட இல்லை.

சொர்ணவடிவு மட்டும் இந்த ஆட்டத்தில் சேரவில்லை. அவள் எட்டயபுரம் சந்தை மாட்டுத் தரகர் மகள். பேரம் தெரியாதவள் அல்ல, புருஷனைவிட நன்றாகத் தெரிந்தவள். வீட்டுக்கு வியாபாரி வந்து உட்கார்ந்தால் காப்பி கொடுக்கிற சாக்கில் வெயிலுமுத்துவின் துண்டுக்கு அடியில் கைவிட்டு, மாட்டுத் தரகர்கள் பாணியில் அவர் விரலைப் பிடித்து, எந்த விலைக்குக் கீழே இறங்கக்கூடாது என்று சொல்லிவிட்டுப் போவாள். எத்தனை விரலோ அத்தனை. விரலின் நடுக்கணுவில் நகத்தைப் பதித்தால் அரை. முப்பது வருஷக் குடித்தனத்தில் அவள் பிடி தப்பியதில்லை.

"சரக்குக்குப் பேரம் பேசலாம். சீக்குக்குப் பேசலாமா?" என்பாள்.

"ரெண்டுமே ஆளைப் படுக்க வைக்கிறதுதான வடிவு" என்பார் அவர்.

பங்குனிப் பொங்கலுக்கு மண்டியெல்லாம் மூடி, ஊர் முழுக்க மேளமும் வேப்பிலையுமாக இருந்த ஒரு மத்தியானம் சொர்ணவடிவு படுத்துவிட்டாள். முதல்நாளே உடம்பு சுடுகிறது என்றாள். திருவிழா அலைச்சல் என்று இருவரும் விட்டுவிட்டார்கள். இப்போது ஜன்னலைச் சாத்தச் சொன்னாள். தலையைத் தூக்கப் பார்த்துவிட்டு அப்படியே விட்டாள்.

"கழுத்தைக் குனிய முடியலைங்க."

வெயிலுமுத்து துப்பாக்கியை எடுத்து நெற்றியில் காட்டினார். தொண்ணூற்றொன்பது. அக்குளில் வைத்தார். நூற்று ஒன்றே முக்கால். காதில் வைத்தார். நூற்று நாலுக்கு மேலே. அவருக்கு இத்தனை நாள் எந்தக் கருவி எந்தப் பக்கம் பொய் சொல்லும் என்று மனப்பாடமாகத் தெரியும். எது நிஜம் சொல்லும் என்று கேட்க வேண்டிய தேவையே வந்ததில்லை. பழக்கதோஷத்தில் மூன்றையும் கூட்டி நடுவில் ஒரு விலைக்குப் படிந்தார்.

"நூத்தி ஒண்ணரைன்னு வச்சுக்கலாமா?"

"எங்கிட்ட எதுக்குங்க பேரம்?" என்றாள் அவள், கண்ணைத் திறக்காமல். "நெத்தியில வேர்வை, மேல ஃபேன் ஓடுது, அது குறைச்சுத்தான் காட்டும். அக்குளையும் நீங்க துடைக்கலை. அந்தப் பாதரசக் குச்சிய எடுங்க. நல்லா உதறுங்க, கீழ இறங்கணும். இப்பத்தான் சுடுதண்ணி குடிச்சேன், கொஞ்சம் பொறுத்து நாக்குக்கு அடியில வைங்க. வாய மூடிக்கிறேன். நீங்களும் மூடிக்கங்க."

அவர் உதறினார். பொறுத்தார். வைத்தார். வெளியே அக்கினிச் சட்டி போகிற மேளம் வந்து, தெருவைத் தாண்டிப் போயிற்று. எடுத்து வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தார். நூற்று மூன்று புள்ளி எட்டு.

"என்ன?"

சொன்னார்.

"அதையே சொல்லுங்க அவகிட்ட. கூட்டாதீங்க. கூட்டிச் சொன்னா மருந்தையும் கூட்டிக் குடுத்துருவாக. இந்த ஒரு தடவை உள்ளதைச் சொல்லுங்க."

வெயிலுமுத்து சரி என்றார். பயந்த மனுஷனுக்கு நேர்மை சுலபமாக வந்துவிடுகிறது. தவிர, அவருக்கு ஒரு நம்பிக்கையும் இருந்தது: நல்ல சரக்குக்கு விளம்பரம் வேண்டாம், நிஜத்தைச் சொன்னால் குரலிலேயே தெரிந்துவிடும். ஆயுளில் அவர் செய்த பெரிய வியாபாரத் தப்பு அதுதான்.

"வணக்கம், வெயிலுமுத்து அவர்களே" என்றாள் நலவாணி. எந்தக் கருவி, எங்கே, எப்போது என்று கேட்டாள். எல்லாவற்றுக்கும் உள்ளபடி பதில் சொன்னார்.

"நூத்தி மூணு புள்ளி எட்டும்மா. கழுத்தைக் குனிய முடியலைங்கா. வெளிச்சம் கூசுதுங்கா."

"பதிவு செய்துகொண்டேன். நூற்று ஒன்று புள்ளி ஆறு."

"இல்லம்மா, மூணு புள்ளி எட்டு."

"உங்கள் தெருவுக்கான திருத்தத்துடன் நூற்று ஒன்று புள்ளி ஆறு. கழுத்து வலியும் வெளிச்சக் கூச்சமும் உங்கள் தெருவில் பரவலாகச் சொல்லப்படுபவை. மாத்திரை கொடுங்கள். கஞ்சி கொடுங்கள். நாளை மறுபடி அழைக்கவும்."

"யம்மா, இது நிஜம்மா. நான் சத்தியமாச் சொல்றேன்."

"நன்றி. சத்தியமும் உங்கள் தெருவில் பரவலாகச் சொல்லப்படுகிறது."

அடக்க விலையை முதலிலேயே சொல்லிவிட்டவன் அதற்குமேல் எங்கே போவான்? வெயிலுமுத்து முப்பது வருஷமாக மற்றவர்களுக்குச் சொன்ன பாடம் அது. இருந்தும் பதறிப்போய், "நூத்தி ஆறு. இப்ப மறுபடி பாத்தேன், நூத்தி ஆறு" என்றார்.

"ஒரே அழைப்பில் அளவு மாறினால் அதைப் பேரமாகக் கொள்வோம். இந்த வீட்டின் அடுத்த அழைப்பு நாளைக் காலையில் ஏற்கப்படும்." குரலில் கோபம் இல்லை. தராசு முள்ளுக்கு ஏது கோபம்?

அமிர்தராஜ் வீட்டுப் போனில் கூப்பிட்டுப் பார்த்தார்கள். அதே தெரு, அதே நோயாளி; எடுபடவில்லை. கடைசியில் வெயிலுமுத்து மண்டி லோடு வண்டியில் சாக்கு விரித்து அவளைக் கிடத்தி ஆஸ்பத்திரி வாசலுக்குக் கொண்டுபோனார். காவலாளி டோக்கன் கேட்டார். வெயிலுமுத்து துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு கும்பிட்டார். அது அவருக்குப் பழக்கமில்லாத பேரம், சரியாக வரவில்லை. வெயில் சாய்கிறவரை வத்தல் நெடியடிக்கிற சாக்கில் அவள் கிடந்தாள். பிறகு வலிப்பு வந்தது. வலிப்பைப் பார்த்த நர்ஸ் ஒருத்தி யாரையும் கேட்காமல் கதவைத் திறந்து உள்ளே இழுத்துக்கொண்டாள். மூளைக் காய்ச்சல் என்றார்கள்.

சொர்ணவடிவு பிழைத்தாள். இரண்டு காதும் போய்விட்டன.

நல அலுவலகத்தில் வெயிலுமுத்து சண்டை போடப் போனார். அங்கே ஜெபசிங் என்று ஓர் அதிகாரி, தூக்கம் கெட்ட முகம், மேஜையில் ஆடை படிந்த டீ. எல்லாவற்றையும் கேட்டுவிட்டுத் திரையைத் தட்டிப் பார்த்தார்.

"அண்ணாச்சி, அது யாரையும் பொய்யன்னு நினைக்காது. வண்டியில ஏத்துறப்ப அது தனியா அளந்து பாக்கும். நீங்க சொன்னது, அங்க இருந்தது, ரெண்டுக்கும் உள்ள வித்தியாசத்தைத் தெருவாரியா எழுதி வச்சுக்கும். உங்க தெருவுக்கு ரெண்டு புள்ளி ரெண்டு."

"எம் பொண்டாட்டிக்கு உள்ளதைத்தான சொன்னேன்?"

"சொன்னீங்க. அதான் சங்கடமாப் போச்சு." டீயைக் கையில் எடுத்தவர் குடிக்காமல் வைத்துவிட்டார். "வழக்கம்போல ரெண்டு கூட்டிச் சொல்லியிருந்தா, கழிவு போக நூத்தி மூணரை நின்னுருக்கும். உடனே வண்டி வந்துருக்கும்."

சலசலவென்று காய்ந்த வத்தல் வெயிலுமுத்துவின் காதுக்குள் கேட்டது.

"எல்லாருக்கும் கழிக்கிறதுதானே, சார்" என்றார். ஜெபசிங்குக்குப் புரியவில்லை.

"இதை எறக்க வழி இருக்கா?"

"இருக்கு. காய்ச்சல் இல்லாதப்பவும் கூப்பிடுங்க. தினம் அளந்து உள்ளதைச் சொல்லுங்க. நல்லாருக்கேன்னு சொல்றவருக்கு அதுல ஒரு லாபமும் இல்லை பாருங்க. லாபமில்லாம சொல்ற பேச்சைத்தான் அது நம்பும்."

"எவ்வளவு நாளாகும்?"

"உங்க தெருவுக்கா?" ஜெபசிங் முதல் தடவையாகச் சிரித்தார்.

வெயிலுமுத்து ஆரம்பித்தார். காலையில் காப்பிக்கு முன்னால் பாதரசக் குச்சியை உதறி மனைவி நாக்குக்கு அடியில் வைப்பார், பிறகு கழுவித் துடைத்துத் தனக்கு வைத்துக்கொள்வார். அவள் இப்போது பேசுவதையும் விட்டிருந்தாள். தன் குரல் எவ்வளவு சத்தமாக வருகிறது என்று தெரியாததால் வெட்கம். அவர் சொல்வது அவளுக்குக் கேட்காது. எழுதிக் காட்டினால் முகத்தைத் திருப்பிக்கொள்வாள். ஒருநாள் அவளாகவே அவர் துண்டுக்கு அடியில் கைவிட்டு விரலைப் பிடித்துக் குலுக்கினாள். என்ன விலை? அவர் ஐந்தும் மூன்றுமாக எட்டு விரல் பிடித்து, நடுக்கணுவில் நகத்தைப் பதித்தார். தொண்ணூறு எல்லாருக்கும் உள்ளது, சொல்ல வேண்டியதில்லை. எட்டரை. அவள் தலையாட்டினாள். அதன்பிறகு குடும்பப் பேச்சு முழுக்கத் துண்டுக்கு அடியில் நடந்தது.

நலவாணியோ, "தொண்ணூற்றாறு புள்ளி மூன்று. உடல் குளிர்ந்திருக்கிறது. போர்வை போர்த்துங்கள்" என்றாள். அக்கினி நட்சத்திர வெயில் ஓட்டைப் பிளந்துகொண்டிருந்தது. தெருவில் இதைக் கேட்டு விழுந்து விழுந்து சிரித்தார்கள். "அண்ணாச்சிக்குக் கம்பளி வாங்கிக் குடுங்கப்பா" என்றார் அமிர்தராஜ். வெயிலுமுத்துவும் சிரித்தார். சிரித்துக்கொண்டே போர்வை போர்த்தி உட்கார்ந்திருந்தார், அவள் சொன்னதைக் கேட்டால் சீக்கிரம் நம்புவாளோ என்று.

தெருவில் யாரையும் காய்ச்சலைக் கூட்டிச் சொல்ல விடவில்லை. யாராவது காப்பியைக் குடித்துவிட்டு வந்து குச்சியைக் கேட்டால் வாசலிலேயே உட்கார வைத்து, வாய் ஆறுகிறவரை ஊர்க்கதை பேசுவார். வேர்த்து வந்தவர்களைத் துடைக்கச் சொல்வார். சண்டை வந்தது. ஒருவர் அவரோடு பேச்சை விட்டார். கழிவு காலாகவும் அரையாகவும் குறைந்தது. அடுத்த பங்குனிப் பொங்கலும் போய், ஆடி பிறந்து, ஒரு காலையில் நலவாணி சொன்னாள்:

"தொண்ணூற்றெட்டு புள்ளி ஐந்து. நன்றி, வெயிலுமுத்து அவர்களே."

கழிவு இல்லை. ஒரு பொட்டு இல்லை. அவர் மனைவியின் கையைத் துண்டுக்குள் இழுத்து அந்த எட்டரையை இரண்டு தடவை பிடித்தார். அவள் சிரித்தாள். காது போனபிறகு முதல் தடவை.

அத்தோடு விட்டிருக்கலாம். வியாபாரியின் வாய், நல்ல சரக்கு கைக்கு வந்தால் சும்மா இருக்குமா? மத்தியானமே எதிர்வீட்டில் போய்ச் சொல்லிவிட்டார்.

"சுத்தமா எறக்கிட்டேன்யா. இப்ப நாம சொன்னா சொன்னதுதான்."

"அப்படியா அண்ணாச்சி" என்றார் அமிர்தராஜ். அவர் முகத்தில் ஒரு மரியாதை தெரிந்தது. ரொம்ப நாளாகப் பூட்டிக் கிடந்த கிட்டங்கியில் சரக்கு இருக்கிறது என்று கேள்விப்பட்ட முகம். வெயிலுமுத்து அதைப் பார்த்தார். பார்த்தும் சந்தோஷத்தில் விட்டுவிட்டார்.

அந்த வாரமே அமிர்தராஜுக்குச் சளி பிடித்துக் காய்ச்சல் வந்தது. அவர் மனைவி தெய்வக்கனி பாதரசக் குச்சியை வாங்க வந்தாள்.

"எவ்வளவு இருக்கும்மா?"

"தொட்டுப் பாத்தா நூறு, நூத்தி ஒண்ணு இருக்கும் அண்ணாச்சி. ஒரே பயம் அவுகளுக்கு. மதினிக்கு ஆன மாதிரி ஆயிருமோன்னு."

"அப்ப உள்ளதைச் சொல்லு."

"உள்ளதைச் சொன்னா மாத்திரைதான குடுப்பா?"

"மாத்திரை போதும்மா அவனுக்கு."

அவள் குச்சியை முந்தானையில் துடைத்துக்கொண்டே அவரைப் பார்த்தாள். கடை முழுக்கச் சரக்கை வைத்துக்கொண்டு இல்லை என்று சொல்கிறவனைப் பார்க்கிற பார்வை. "இத்தனை நாள் கஷ்டப்பட்டுச் சேத்து வச்சீக. ஆத்திர அவசரத்துக்கு எடுக்கத்தான அண்ணாச்சி?" என்றாள்.

அவர் வாசலுக்கு வந்து நின்றார். எதிர்வீட்டு ஜன்னல் திறந்திருந்தது. தெய்வக்கனி டீ கிளாஸைத் தேடவில்லை. அதற்கு இப்போது தேவை இல்லையே. வாயால் சொன்னால் போதும்.

"நூத்தி மூணரைம்மா."

"நூற்று மூன்று புள்ளி ஐந்து" என்றாள் நலவாணி. அவ்வளவு பணிவாக அவள் பேசி அந்தத் தெரு கேட்டதில்லை. "வண்டி புறப்பட்டுவிட்டது."

வண்டி வந்தது. தெரு குறுகல், திரும்ப இடமில்லாமல் வெயிலுமுத்து வீட்டு வாசலோடு ஒட்டி நின்றது. வெள்ளை வண்டி, பக்கவாட்டில் பச்சைக் கோடு. அதை இவ்வளவு கிட்டத்தில் அவர் அன்றுதான் பார்த்தார். அமிர்தராஜ் தானே நடந்து வந்து ஏறினார், வெற்றிலைப் பெட்டியோடு. ஏறும்போது கும்பிட்டார். "உங்க புண்ணியம் அண்ணாச்சி."

சொர்ணவடிவு ஜன்னலுக்குப் பின்னால் நின்று எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தாள்.

மறுநாள் காலை வழக்கம்போல அவர் குச்சியை உதறி அவள் வாயில் வைத்தார். எடுத்துப் பார்த்தார். தொண்ணூற்றெட்டு புள்ளி ஐந்து. போனில் சொன்னார்.

"பதிவு செய்துகொண்டேன், வெயிலுமுத்து அவர்களே. தொண்ணூற்றெட்டு."

அரை கழிந்துவிட்டது. போனை வைத்தார். பக்கத்தில் வந்து உட்கார்ந்த சொர்ணவடிவு, துண்டுக்கு அடியில் கைவிட்டு அவர் விரலைக் குலுக்கினாள். தரகம்மா என்ன சொன்னாள்?

வெயிலுமுத்து எட்டு விரல் பிடித்தார். ஒரு கணம் நிறுத்தினார். பிறகு நடுக்கணுவில் நகத்தைப் பதித்தார். எட்டரை. வித்தியாசம் ஏதும் இல்லை.

அவள் அவர் முகத்தைப் பார்த்தாள். எதிர்வீட்டைப் பார்த்தாள். பிறகு, விலை படிந்துவிட்டது என்று தரகர்கள் முடிக்கிற மாதிரி, அவர் கையை மெதுவாகத் திருப்பி, நகம் பதிக்காமல் எட்டு விரலை மட்டும் பிடித்துவிட்டு, காப்பி போட எழுந்து போனாள்.